இரண்டு வீட்டுக்கு ஒரு கையிருப்பு

ஜனவரி 28

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதறது.

நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளை எல்லாரும் சுகமா? பிள்ளை எடை ஏறுதா? இங்க நானும் குட்டியும் இருக்கோம். அவ பள்ளிக்கூடம் போறா, நான் வேலைக்குப் போறேன். சுகம்னு எழுதக் கை வரல, அதனால இருக்கோம்னு எழுதறேன்.

போன்லயே பேசலாம்தான். பேச ஆரம்பிச்சா அழுகை முந்திக்குது, சொல்ல வந்தது உள்ளயே நின்னுடுது. காகிதம்னா அழுது முடிச்சிட்டு விட்ட எடத்துல இருந்து எழுதலாம்.

உன் மாமா போய் இன்னைக்கு அம்பது நாள். அவர் நோட்டைக் குட்டி எனக்கு வாசிச்சுக் காட்டினா. ஷேருக்கு நீங்க ரெண்டு பேரும் போட்ட சட்டமெல்லாம் அதுல இருக்கு. சேக்கப் போற காசு மொத்தத்தையும் பத்துப் பாகமா பிரி. எந்தக் கம்பெனியிலயும் அரைப் பாகத்துக்கு மேல போடாதே. மாசம் அஞ்சாம் தேதி விலை என்னவா இருந்தாலும் வாங்கு. சந்தை பத்துல ஒண்ணு இறங்கினா அந்த மாசம் ரெட்டிப்பா வாங்கு, அதே அளவு ஏறினா வித்து பேங்க்ல போடு. கடைசி ரெண்டு பாகம் கையிருப்பு, அது வீட்டு ஆபத்துக்கு, முதல்ல அதைத்தான் நிரப்பணும். ஆபத்துன்னு சொல்லி ஷேரை மட்டும் விக்காதே. இந்தக் கடைசி வரிக்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருக்காரு. எனக்குப் பொடவை வாங்கவே மூணு கடை ஏறி இறங்கற மனுஷன், வேற எப்படி எழுதுவாரு.

அந்தக் கையிருப்புல ஒரு பாகம் நம்மது, ஒரு பாகம் உன்னுது, ரெண்டு பேர் பேர்லயும் ஒரே கணக்குல கிடக்குன்னு எனக்குத் தெரியும். இப்ப எனக்கு ஆபத்து வந்திருக்கு. வீட்டு ஓனர் புது முன்பணம் கேக்கறாரு. என் பத்து மாசச் சம்பளம். மே முடியறதுக்குள்ள குடுக்கணும், இல்லன்னா காலி பண்ணணும். பதினாறு வருஷம் அவர் இருந்த வீடு. இதையும் விட்டா அவர் இருந்தார்னு சொல்ல ஒரு எடம் இருக்காது தம்பி.

பணம் எடுக்கற சீட்டு இதோட வச்சிருக்கேன். உன் கையெழுத்துப் போட்டு அனுப்பு. என் பாகம் மட்டும் போதும்.

பிள்ளைக்குக் குளிர் படாம பாத்துக்க.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். பிள்ளைக்கு எடை ஏறியிருக்கிறது, சிரிக்கப் பழகுகிறான். நீயும் குட்டியும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோடவுனில் கணக்கு முடிக்கிற நேரம்.

அக்கா, என்ன ஆனாலும் ஷேரை விற்காதே. டிசம்பரிலிருந்து சந்தை பத்துக்கு இரண்டு இறங்கியிருக்கிறது. நோட்டில் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் விற்காதவரை அது எழுத்து நஷ்டம்தான், விற்றால்தான் நிஜ நஷ்டம். இப்படி இறங்கும் காலத்தைத் தாண்டத்தான் மாமாவும் நானும் அந்த முறையை உட்கார்ந்து யோசித்தோம். வருஷம் ஒன்று போனால் ஏறிவிடும். மாமா போட்ட கணக்கு தப்பாகாது.

நீ அனுப்பிய சீட்டில் ஓர் இடத்தில் அடித்து எழுதியிருக்கிறது. பேங்க்கில் ஏற்க மாட்டார்கள். வேறு வாங்கி அனுப்பு.

குட்டியைப் படிக்கச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 4

அன்புத் தம்பிக்கு அக்கா.

உன் கடுதாசி வந்தது. பிள்ளை சிரிக்கறான்னு படிச்சதும் குட்டி அந்த வரியை மட்டும் மூணு தடவை வாசிச்சா. எங்க உடம்புக்கு ஒண்ணும் இல்ல. எனக்குக் கை மட்டும் எரியுது, ஓட்டல் துணி துவைக்கற எடத்துல புது சோப்பு மாத்தியிருக்காங்க.

வேற சீட்டு அனுப்பறேன். அடித்தல் திருத்தல் ஒண்ணும் இல்ல, குட்டி அழகா எழுதியிருக்கா. அவர் இறந்த காகிதமும் வாரிசு காகிதமும் நான் வாங்கி வச்சுட்டேன். அதுக்கு நாலு நாள் லீவு போட்டேன், சம்பளத்துல பிடிச்சுட்டாங்க. உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

எங்கூட விரிப்பு மடிக்கறவ கேக்கறா, "உன் தம்பி என்னடி, சினிமாக்காரனா? ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நாளா?"ன்னு. நானும் சிரிச்சுட்டேன். ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சேன், சத்தம் எனக்கே புதுசா இருந்தது.

நீ சொன்னபடி ஷேரைத் தொடல. சாயங்காலம் குட்டி போன்ல விலை பாத்து சொல்றா. இறங்கியிருக்குன்னு சொல்றப்ப என் முகத்தைப் பாக்காம சொல்றா. அவருக்குத்தான் இதெல்லாம் பிடிக்கும். இறங்கினா, "ஆகா, மலிவா வந்திருக்கு"ன்னு குதிப்பாரு. காய்கறிக் கடைன்னு நெனப்பு.

சீக்கிரம் போடு தம்பி.

உன் அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

வெளியூர் போய்விட்டேன், அதனால் எழுத முடியவில்லை. சந்தை இன்னும் இறங்கியிருக்கிறது. பொறுத்துக்கொள். சீட்டை வீட்டில் எங்கோ வைத்துவிட்டேன், தேடி அனுப்புகிறேன். கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கிறேன். அதிகம் இல்லை. மன்னித்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு அக்கா எழுதறது.

எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு நெனச்சுக்கறேன். நீ அனுப்பின பணம் வந்தது. அதுல குட்டிக்குச் செருப்பு வாங்கினேன்.

கையிருப்பு எதுக்குடா இருக்கு? நான் நாலாம் வகுப்பு. எனக்குப் புரியற மாதிரி ஒரு தடவை சொல்லு. வீட்டுல சம்பாதிச்ச ஆள் போயாச்சு. ஓனர் வாரம் ஒரு தடவை வந்து படியில நின்னு, "என்னம்மா முடிவு பண்ணீங்க"ன்னு கேக்கறாரு. நல்லபடியாத்தான் கேக்கறாரு, அதுதான் கஷ்டமா இருக்கு. வீட்டைப் பாக்க ஆளுங்களும் வந்துட்டாங்க. நான் அடுப்புல நிக்கறப்பவே ஒரு அம்மா என் படுக்கற ரூமுக்குள்ள போய் அளந்துட்டு வந்துச்சு. இது ஆபத்து இல்லன்னா எதுதான் ஆபத்து?

ஷேரும் மூணுல ஒண்ணு போச்சுன்னு குட்டி சொல்றா. அதை விக்கக் கூடாது. பேங்க்ல இருக்கறதை எடுக்க உன் கையெழுத்து வேணும். நீ போனையும் எடுக்க மாட்டேங்கறே. ரெண்டு பக்கமும் கதவைச் சாத்தி நடுவுல நிக்க வச்சுட்டீங்க என்னை.

உனக்கு ஏழு வயசு வரைக்கும் சட்டைப் பொத்தான் போட்டு விட்டது நான். இந்த விரலைக் கொஞ்சம் அசைச்சா என்ன?

மூணாவது சீட்டு இது. இதுக்கும் பதில் இல்லன்னா நானே பேங்க்குக்குப் போய்க் கேக்கறேன்.

அக்கா


மே 6

தம்பிக்கு,

சுகம் கேட்டு எழுதற மனசு இன்னைக்கு இல்ல. பிள்ளை மட்டும் நல்லா இருக்கட்டும்.

நேத்து பேங்க்குக்குப் போனேன். ஒரு சின்னப் பொண்ணு கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, "இதுல ஒண்ணும் இல்லையேம்மா"ன்னு சொல்லுச்சு. வேற கணக்கா இருக்கும், நல்லா பாருன்னு சொன்னேன். அது பொறுமையா மறுபடி பாத்துச்சு. டிசம்பர் மூணாம் தேதி ரெண்டு பாகத்தையும் மொத்தமா எடுத்திருக்கு. ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு. சீட்டைக் காட்டுச்சு. அது அவர் கையெழுத்துதான். கடைசி எழுத்துல வால் நீட்டறது அவரைத் தவிர யாருக்கும் வராது.

அங்கயே நாற்காலியில உக்காந்துட்டேன். அந்தப் பொண்ணு எழுந்து போய்த் தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு.

மூணு சீட்டு அனுப்பினேனே. ஒவ்வொண்ணையும் வாங்கி வச்சுக்கிட்டு என்னடா பண்ணினே?

திட்ட மாட்டேன். என்ன ஆச்சுன்னு மட்டும் எழுது.

அக்கா


மே 16

அக்கா,

உன் காலில் விழுந்து எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்.

கோடவுனை நவம்பரிலேயே மூடிவிட்டார்கள். எனக்கு அப்போதிலிருந்து வேலை இல்லை. கணக்கு முடிக்கிறேன், வெளியூர் போனேன் என்று எழுதியதெல்லாம் பொய். பிள்ளை ஏழாம் மாதத்தில் பிறந்தான் அல்லவா, செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டது என்று உன்னிடம் சொன்னதும் பொய். இருபத்தாறு நாள் அவனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். முன்பணம் கட்டினால்தான் பெட்டி என்றார்கள்.

டிசம்பர் முதல் தேதி மாமாவிடம் சொன்னேன். பாதி கேட்டேன் அக்கா, என் பாகத்தை மட்டும். சீட்டில் கையெழுத்துப் போட்டு, தொகை எழுதாமல், பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் தேதி பார்த்தால் என் கணக்கில் முழுதும் வந்திருக்கிறது. போன் செய்து, "மாமா, உங்கள் பாகத்தையும் போட்டுவிட்டீர்களே" என்றேன். "பெட்டி எத்தனை நாள்னு யாருக்குத் தெரியும் மாப்பிள்ளை? ரெண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்துல ஆபத்து வராது, அதுக்குத்தானே ஒரே கணக்கா வச்சோம். அக்காகிட்ட இப்ப சொல்லாதே, திருப்பிப் போட்டுட்டு சொல்லிக்கலாம்" என்று சிரித்தார்.

பிள்ளைக்கு ஆனது முதல் பாதிதான். மற்ற பாதியை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மாதா மாதம் எடுத்துத் தின்றுவிட்டோம். இதை எழுதக் கை கூசுகிறது.

மூன்று சீட்டும் என் பெட்டியில் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டும் வைத்திருக்கிறேன். எதற்குப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். பணம் போட்ட ஆறே நாளில் மாமா போய்விட்டார். நான் கேட்டபோது அவருக்கு உடம்பு சரியில்லையா? டாக்டர் ஏதாவது சொல்லியிருந்தாரா? படுத்தால் இதுதான் தலைக்குள் ஓடுகிறது. பிள்ளையைத் தூக்கினாலும் இதுதான்.

தம்பி


மே 27
(எழுதி வைத்தது. தபாலில் சேர்க்கவில்லை.)

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதறது.

நீங்கள்லாம் சுகமா இருக்கணும்.

அவர் கம்பெனியில இருந்து ஆள் வந்தாங்க. லிஃப்ட் வேலைக்குக் குடுத்த உடுப்பையும் கருவிப் பையையும் திருப்பிக் கேட்டாங்க. வந்தவர் சொன்னாரு, அவருக்கு அங்க "நாலுகயிறு"ன்னு பட்டப்பேராம். ஒரு கயிறே தாங்கும், ஆனாலும் நாலும் சரியா இருந்தாத்தான் லிஃப்ட்டை ஓட விடுவாராம். முதலாளியே வந்து கத்தினாலும் மாட்டாராம்.

பையைக் காலி பண்றப்ப அடியில ஒரு காகிதம் இருந்தது. டிசம்பர் ரெண்டாம் தேதி போட்டது. குட்டி வாசிச்சா. நெஞ்சுல ரத்தக்குழாய் அடைச்சிருக்கு, பத்து நாளுக்குள்ள சேர்ந்து சரி பண்ணணும்னு டாக்டர் எழுதியிருக்காரு. செலவும் போட்டிருக்கு. அது கையிருப்புல சரியா பாதி தம்பி. அவர் பாகம்.

என்கிட்ட வாயுன்னு சொன்னாரு. மாத்திரை குடுத்தாங்கன்னு சொல்லி சுடுதண்ணி கேட்டாரு. மறுநாள் காலையில பேங்க்குக்குப் போய் ரெண்டு பாகத்தையும் உனக்கு எழுதியிருக்காரு.

நீ பாதிதான் கேட்டே. பாதி எழுதியிருந்தா பிள்ளையும் இருக்கும், அவரும் இருப்பாரு. பிள்ளைக்கு ஒரு கயிறு போதும்னு அவருக்கு மனசு வரல. ஊர்ல இருக்கற லிஃப்ட்டுக்கெல்லாம் நாலு கயிறு பாத்தவர் நம்ம ரெண்டு வீட்டையும் ஒரே கயிறுல தொங்க விட்டாரு. வீட்டுக்கு ரெண்டு பாகம்னு தனித்தனியா வச்சா ஒரு பாகம் சும்மா கிடக்குமேன்னு, அதையும் ஷேர்ல போடலாமேன்னு, ரெண்டு கெட்டிக்காரங்களும் சேர்ந்து போட்ட கணக்கு.

நான் யார் மேல கோவப்படறது? உன் மேலயா? நீ கேட்டது நியாயம். அவர் மேலயா? செத்த ஆளு. பிள்ளை மேலயா?

குட்டி காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டு உன்னைச் சொல்லி, "மாமாவுக்குத் தெரியணும்மா, எழுதுங்க"ன்னா. எழுதிட்டேன். எழுதினதை அனுப்பினா நீ இனிமே அந்தப் பிள்ளையை எப்படித் தூக்குவே? அந்தக் காசுல வாடகை குடுத்த வீட்டுல எப்படிப் படுப்பே? எனக்குக் கூடப் பொறந்தது நீ ஒருத்தன். அவரையும் குடுத்துட்டேன், உன்னையும் குடுக்கணுமா


ஜூன் 3

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதறது.

நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளை மூணு பேரும் சுகமா இருக்கணும். நாங்க இருக்கோம்.

நீ கேட்டதுக்குப் பதில். அவர் டாக்டர்கிட்ட போனது நெசம். வாயுன்னுதான் சொன்னாங்க, மாத்திரை குடுத்தாங்க. வேற ஒண்ணும் சொல்லல. அவர் போனது திடீர்னு வந்த வினை, யாருக்கும் தெரியாது. அதை இத்தோட விட்டுடு. நல்லா தூங்கு.

பிள்ளைக்குச் செலவானதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. மத்த பாதியைப் பத்தியும் இனிமே எழுதாதே.

ஷேரை வித்துட்டேன். ரெண்டு கோடு போட்ட வரியைத் தாண்டித்தான் வித்தேன், வேற வழி தெரியல. குட்டி ஒவ்வொண்ணா வித்து, வந்த தொகையைக் கூட்டிச் சொன்னா. அவர் போட்டதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. அஞ்சு வருஷம் மாசம் தவறாம அஞ்சாம் தேதி கொஞ்சம் கொஞ்சமா போட்டது. ஓனர் கேட்ட தொகைக்கு அதுவும் எட்டல, இன்னும் மூணு மாசச் சம்பளம் குறைஞ்சது. கேட்டுப் பாத்தேன். ரெண்டு நாள் தள்ளித் தந்தாரு, அதுக்கு மேல அவராலயும் முடியலயாம்.

ஞாயித்துக்கிழமை காலி பண்ணினோம். லாண்டரிக்குப் பின்னாடி ஒரே ரூம், ராத்திரி எட்டு வரைக்கும் மிஷின் சத்தம். கீழ புது விலாசம் எழுதியிருக்கேன். வித்த காசை பேங்க்ல என் பேர்ல போட்டிருக்கேன்.

பிள்ளைக்கு என் முத்தம்.

உன் அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பிள்ளை குப்புறப் படுத்து நகர்கிறான். குட்டி எப்படி இருக்கிறாள்? உன் கை எரிச்சல் குறைந்ததா?

உன் கடிதத்தைப் படித்த அன்றுதான் அக்கா, ஆறு மாதத்துக்குப் பிறகு விடிய விடியத் தூங்கினேன். என் வீட்டுக்காரி பயந்துபோய் எழுப்பிப் பார்த்திருக்கிறாள். மாமாவுக்குத் தெரியாது என்ற ஒரு வார்த்தை போதும் எனக்கு.

போன மாதம் வேலை கிடைத்தது. மருந்துக் கோடவுனில் சரக்குக் கணக்கு. சம்பளம் முன்பைவிடக் குறைவு, ஆனால் நிரந்தரம்.

சொன்னால் வருத்தப்படுவாய், ஆனாலும் சொல்கிறேன். ஜூலையிலிருந்து சந்தை ஏறுகிறது. நீ விற்ற விலையிலிருந்து பத்துக்கு இரண்டு ஏறிவிட்டது. மாமாவின் முறையில் தப்பில்லை, நமக்குத்தான் காலம் போதவில்லை. அதனால் ஒன்று யோசித்தேன். அந்த முறையை நாமே மறுபடி தொடங்கலாம். பழையபடி கையிருப்பு உன் பேரிலும் என் பேரிலும் ஒரே கணக்காக இருக்கட்டும். ஆளுக்கு ஒரு பாகம். உன் பாகத்தையும் நானே சிறுகச் சிறுகப் போட்டுக் கடனைத் தீர்க்கிறேன். மாமா ஆரம்பித்தது நிற்கக் கூடாது.

பேங்க்கில் கணக்கு தொடங்கும் பாரம் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் தம்பி


செப்டம்பர் 7

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதறது.

எல்லாரும் நல்லா இருங்க. உனக்கு வேலை கிடைச்சது பெரிய நிம்மதி. குட்டி நல்லா இருக்கா. என் கைக்கு ஒண்ணும் இல்ல, உறை போட்டுக்கறேன்.

பாரத்தை அப்படியே திருப்பி அனுப்பறேன். கையெழுத்து போடல. கோவம்னு நெனக்காதே. நீ மூணு சீட்டுக்கு என்னை அலைய விட்டதுக்குப் பழி வாங்கறேன்னு சிரிச்சுக்க.

வீட்டுக்கு வீடு தனியா இருக்கட்டும் தம்பி. ரெண்டு பாகம்னா ரெண்டு பாகமும் உன் பேர்லயே, உன் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்ச எடத்துல வை. ஷேர் ஏறுது, சும்மா கிடக்கேன்னு அதுல இருந்து எடுக்காதே. அது சும்மா கிடக்கறதுக்குத்தான். எனக்குக் குடுக்கணும்னு நெனக்கறதையும் அதுலயே போட்டு ஆரம்பி. நான் ஷேர் பக்கம் இனி வரல. ஏறினதைப் பத்தி எழுதினியே, எனக்கு வருத்தம் வரல. எதுக்கு எவ்வளவு வருத்தப்படணும்னே இப்ப எனக்குத் தெரியல.

ஒண்ணு மட்டும் செய். எப்பவாவது உனக்கு உடம்புக்கு முடியலன்னா, வாயு, அலுப்பு எதுன்னாலும், உன் வீட்டுக்காரியைக் கூட்டிக்கிட்டுப் போ. அவளை டாக்டர் ரூமுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போ. அவர் சொல்றது அவ காதுல விழட்டும். வெளிய வந்து நீயா ஒண்ணு சொல்லாதே. பையை அவ கையில குடுத்து பெஞ்சில உக்கார வச்சுட்டு நீ மட்டும் உள்ள போகாதே.

நான் பெஞ்சிலதான் உக்காந்திருந்தேன்.

பிள்ளைக்கு என் முத்தம். நல்லா தூக்கி வச்சுக்க.

உன் அக்கா